ராகி மாவில் தெரிந்த ஈரம்

அருள்,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன், வீட்டுக்கு அனுப்பவில்லை. மெர்சி பிரித்துப் படிப்பதற்கு முன்னால் நீ படிக்க வேண்டும். படித்துவிட்டு அவளிடம் நீயாகக் கொடுப்பாயா என்பது எனக்குச் சந்தேகம்தான். என்ன செய்வது, சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கினவள் நான். உன் அப்பா போன மறுவருஷம் பெண்கள் விடுதிக்கு வார்டனாகச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தேன். ஒரு பெண்ணின் பெட்டியைத் திறந்தால் மேலே மடித்து வைத்திருக்கும் துணியைப் பார்க்க மாட்டேன். அடியில் விரித்திருக்கும் பேப்பர் எங்கே மடங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். ரிட்டயர் ஆகி நான்கு வருஷம் ஆன பிறகும் அந்தக் கண் மூடவில்லை. உனக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனால் அந்தக் கண்ணால் உன்னை மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் செய்த தப்பு அங்கேதான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் உன் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீயும் உன் கூட்டாளி ரெக்ஸனும் அதை இழுத்துக்கொண்டு வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து நான் அப்போதுதான் சேலை மாற்றியிருந்தேன். மும்பையிலிருந்து நான்கு நாள் ரோட்டிலேயே வந்திருந்தீர்கள். ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர், டிரெய்லர் மேல் படகு, படகின் மேல் படுக்கப்போட்டுக் கட்டிய பாய்மரம். எங்கே படகு முடிகிறது, எங்கே புழுதி தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு அழுக்கு. தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மாதம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று, "வார்டனம்மா, நம்மூரு ஏரியில முட்டி அளவுக்குத் தண்ணி இல்ல, இந்தக் கப்பல எங்கங்க உடப்போறீங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ரெக்ஸன் சிரிக்கவில்லை. அவன் ஜீப்பைவிட்டு இறங்கியதிலிருந்து யார் முகத்தையும் பார்க்காமல் டிரெய்லர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை நான் குறித்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது எல்லாம் சொன்னாய். கப்பல் கம்பெனி வேலையை விடப் போகிறாய். படகைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்க் கடலில் இறக்கி, ரெக்ஸனோடு சேர்ந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வரப் போகிறாய். முதல் சவாரி மெர்சிக்கும் உங்கள் பாப்பாவுக்கும். பாப்பாவுக்கு நாலு வயசு முடிகிற அன்றைக்கு அவளைக் கடலில் உட்காரவைத்துக் கேக் வெட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய். அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேலையில் பாக்கி இருக்கிறது, மும்பைக்குப் போய் முடித்துக்கொடுத்துவிட்டு மூன்று வாரத்தில் வருகிறேன் என்று கிளம்பினாய். ரெக்ஸன் சேலத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனான். டிரெய்லர் சக்கரத்துக்குப் புது பேரிங் வாங்கி மாட்டுவதாகச் சொன்னான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ என்னிடம், "கழுவி மட்டும் வெச்சிரும்மா. உள்ள எதையும் நோண்டாத, எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன்" என்றாய்.

அருள், ஒரு வார்டனிடம் எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சொன்னாய்.

முதல் இரண்டு நாள் நான் வெளிப்பக்கத்தோடு நின்றேன். மோட்டார் போட்டு ஓஸ் தண்ணீரை மேலிருந்து கீழாக விட்டேன். முதலில் செம்மண் போனது, பிறகு கரி போனது. லாரிகளுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறீர்கள் போல, முன்பக்கம் முழுக்கக் கறுப்பு. படகின் மூக்கில் பூச்சிகள் அப்பிக் காய்ந்து ஒட்டியிருந்தன. ஈரச் சாக்கை ஒரு மணி நேரம் போர்த்தி ஊறவைத்துத் துடைத்தேன், வந்துவிட்டது. தார்ப்புள்ளிகளுக்கு மண்ணெண்ணெய்த் துணி. கயிறுகளை அண்டாவில் சோப்புத் தண்ணீரில் போட்டு, தண்ணீரை நான்கு தடவை மாற்றினேன். கறுப்பாக இருந்த ஒரு கயிறு சிவப்பு என்று மூன்றாவது தண்ணீரில்தான் தெரிந்தது. பாய்மரத்தின் நுனித் துவாரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. பாய்களை நெல் காயவைக்கிற களத்தில் விரித்தேன். மாதம்மாள் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணப் பந்தலுக்கு இதுவே போதும்ங்க" என்றாள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கழுவக் கழுவ ஒரு பொருள் என்னவென்று தெரிய வருகிறது.

மூன்றாவது நாள் உள்ளே இறங்கினேன். மெத்தை உறைகள் பூசணம் பிடித்திருந்தன, உருவிப் போட்டேன். ஆப்ப சோடாவும் எலுமிச்சையும் போட்டு உள்சுவரையெல்லாம் தேய்த்தேன். தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மழையில் வந்திருப்பீர்கள், இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். பஞ்சால் ஒற்றி எடுத்து, துணியால் துடைத்து, மூடியை எல்லாம் திறந்து போட்டு வெயில் காட்டினேன். மறுநாள் காலை அதே இடத்தில் ஈரம். மறுபடியும் துடைத்தேன். அதற்கு அடுத்த நாளும் ஈரம். அந்த வாரம் ஒரு பொட்டு மழை இல்லை. படகு நிற்பதோ கட்டாந்தரையில், டிரெய்லர் மேல். தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

விடுதியில் தொட்டி ஒழுகினால் வெடிப்பு எங்கே என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மேலே ராகி மாவைத் தூவிவிடுவேன். அதையே இங்கும் செய்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் உலர்ந்த மாவின் நடுவில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு கறுத்த கோடு. டிரெய்லருக்கு அடியில் சாக்கைப் போட்டுப் படுத்து, அந்த இடத்துக்கு நேர் கீழே பார்த்தேன். படகின் முதுகெலும்பு மாதிரி அடியில் நீண்டுபோகிறதே ஒரு கட்டை, அது உடம்போடு சேர்கிற இடம். அங்கே மட்டும் நீலப் பெயிண்ட் புதிதாக இருந்தது. விரல் முட்டியால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் 'டங்' என்றது. அங்கே 'தொப்' என்றது. எழுந்து உள்ளே போய், நீ நோண்டாதே என்றாயே, அதையெல்லாம் நோண்டினேன். படுக்கைக்கு அடியில் மராத்திப் பேப்பரில் சுற்றி, அதே நீலத்தில் அரை டப்பா பெயிண்ட், ஒரு பிரஷ், தேய்ந்த உப்புக்காகிதம். யாரோ வெடிப்பைத் தேய்த்து, அடைத்து, மேலே பூசி மறைத்திருக்கிறார்கள்.

யாரோ என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை. ரெக்ஸன் என்று நினைத்தேன். படகைப் பார்த்துச் சொன்னது அவன். கடல் தெரிந்தவன் அவன். ஜீப்பைவிட்டு இறங்கியதிலிருந்து யார் முகத்தையும் பார்க்காதவன் அவன். என் பிள்ளை தலையில் ஓட்டைப் படகைக் கட்டிவிட்டான் என்று எனக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் அவன் பேரிங்கை எடுத்துக்கொண்டு வந்தான். காபி கொடுத்தேன். வேலையைத் தொடங்கவிட்டேன். இரண்டு கையிலும் கிரீஸாக இருந்தபோது போய் நின்றேன். பெண்களையும் அப்படித்தான் விசாரிப்பேன், கையில் வேலை இருக்கும்போது.

"ஏம்ப்பா, அடியில பெயிண்ட் அடிச்சது யாரு?" என்றேன்.

அவன் நிமிரவில்லை. "எந்த இடத்துலம்மா?"

"எந்த இடம்னு உனக்குத் தெரியாதா? தட்டினா தொப்புங்குது. உள்ள தண்ணி கசியுது. கடல்ல பொறந்து வளந்தவன் உனக்குத் தெரியாம இருக்குமா?"

பேசாமல் கிரீஸ் தடவிக்கொண்டே இருந்தான். அந்த மௌனத்தை நான் நூறு பெண்களிடம் பார்த்திருக்கிறேன். அதற்கு எப்போதும் ஒரே அர்த்தம்தான் எடுப்பேன்.

"எம்புள்ளைய நம்ப வெச்சு நடுக்கடல்ல முக்கப் பாக்கறியா? அவன் வூட்ல ஒரு சின்னக் கொழந்த இருக்குது. உனக்கென்ன, நீ நீந்தித் தப்பிச்சுக்குவ" என்றேன். இன்னும் சொன்னேன். அவன் அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

அவன் சக்கரத்தை மாட்டினான். நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். இரண்டாவது சக்கரத்தையும் முடித்தான். சோப்பு கேட்டுக் கை கழுவினான். "நீங்க அருளுகிட்டயே கேளுங்கம்மா. நா வாறேன்" என்று சொல்லிவிட்டு, நான் ஆக்கி வைத்திருந்த சோற்றைச் சாப்பிடாமல் போனான். போனவன் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். எடுத்ததுமே, "ரெக்ஸன் வரலைன்னுட்டாம்மா. பாதியில கைய விட்டுட்டான்" என்று கத்தினாய். நான் பேசியதை உன்னிடம் சொல்லவில்லை. அவனும் சொல்லியிருக்கவில்லை என்று புரிந்தது. சரி, பேச்சை மாற்றலாம் என்று, "படகுக்குள்ள கொஞ்சம் ஈரமா இருக்குது கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ உடனே, "அந்த பேட்ச் ஒண்ணும் இல்லம்மா, சும்மா கீறல்தான், ரெண்டு கோட் அடிச்சாச்சு" என்றாய்.

நான் பேட்ச் என்று சொல்லவே இல்லை, அருள். எந்த இடம் என்றும் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகு படகுக்குள் போய் அந்தப் பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அதன் மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நீ டிராயிங் வரைந்த பிரஷ்களை எல்லாம் கழுவிவைத்தவள் நான். இடக்கைக்காரன் பிரஷ் எந்தப் பக்கம் தேயும் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை பார்த்தபோதும் அது அப்படியேதான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

மறுநாள் சேலத்துக்கு பஸ் ஏறினேன். ரெக்ஸன் அக்கா வீட்டு வாசலில் நின்று, "தம்பி, நான் உன்கிட்டப் பேசினது தப்பு. நீ அடிச்ச பெயிண்ட் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றேன். அவன் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான். நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னான்.

"நா வேண்டாம்னுதாம்மா சொன்னேன். பாறையில தட்டுன படகு. வித்தவரே வெடிப்பக் காட்டித்தான் வித்தாரு, அவருமேல குத்தம் இல்ல. ரெண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவுல கட்டை இருக்கு, அது தண்ணி குடிச்சிட்டு, அதுதான் உள்ள கசியுது. வெட்டி எடுத்துப் புதுசா வைக்கணும், மூணு மாசம் ஆகும். அருளுக்குப் பொறுக்கல. பாப்பா பொறந்தநாளுக்குள்ள கடல்ல எறக்கணும்னு மேல பூசிட்டான்."

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"அம்மாகிட்டச் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா. அதுவும் போக, பெத்த தாய்கிட்டப் போயி உங்க மகன்தான்னு எப்படிச் சொல்ல?"

நான் பேசினதால்தான் விலகினாயா என்று கேட்டேன். "இல்லம்மா, பாப்பாவ ஏத்துவேன்னு அவன் பிடிவாதமா நிக்கான், அதுல நா சேர மாட்டேன்" என்றான். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் வாய். அவன் கைவிட்டுப் போனான் என்று நீ இன்னமும் கோபமாக இருந்தால், அந்தக் கோபத்தில் என் பங்கை என்மேல் காட்டு, அவன்மேல் காட்டாதே.

திரும்பி வரும்போது பஸ் தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றது. அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் பூங்கொடி நினைவுக்கு வந்தாள். உனக்கு அவளை நினைவிருக்கும். நீ நான்காம் வகுப்பு, நாம் விடுதிக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவள் ஒன்பதாவது. தீர்த்தமலைப் பக்கத்துப் பெண். சாயங்காலத்தில் நம் அறையைக் கூட்டிக் கொடுப்பாள். உன் அப்பாவின் கைக்கடிகாரம் காணாமல் போனது. அறைக்குள் வந்துபோனவள் அவள் ஒருத்திதான் என்று நான் முடிவு கட்டினேன். எல்லாப் பெண்களுக்கும் முன்னால் அவள் பெட்டியைக் கவிழ்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுகூட அன்றைக்கு எனக்குச் சாட்சியாகத்தான் பட்டது, எங்கேயோ ஒளித்துவிட்டாள் என்றேன். அவள் அப்பா வந்து தலைகுனிந்து கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. நீ அப்போது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய்.

ஆறு மாதம் கழித்து உன் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் அந்தக் கடிகாரத்தின் பின்மூடியும் இரண்டு சின்னப் பற்சக்கரமும் இருந்தன. பிரித்துப் பார்த்திருக்கிறாய், மாட்டத் தெரியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை பயந்துதான் இருப்பாய். உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. நான் அந்தப் பெட்டியை மூடி, உன் பையில் எங்கே இருந்ததோ அங்கேயே வைத்தேன். உன்னைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அவள் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், போடவில்லை. போட்டால் என் பிள்ளை பெயர் வெளியே வரும். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். எத்தனையோ வருஷமாக அது போதும் என்று இருந்துவிட்டேன். நீ மறைத்ததை நான் மறைத்தேன், நான் மறைத்தது உனக்கும் தெரிந்திருக்கும். மேலே பூசிவிட்டால் போதும், அம்மா எதுவும் கேட்க மாட்டாள் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு யாரும் இல்லை.

போன வியாழக்கிழமை தேடிக்கொண்டு போனேன். கல்யாணமாகி அரூருக்கு உள்ளே ஒரு ஊரில் இருக்கிறாள். மரவள்ளித் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், உன்னையும் சேர்த்துச் சொன்னேன். அவள் களைக்கொத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"இப்ப எதுக்குங்க வந்தீங்க?" என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் அவளே, "எம்பொண்ணு பன்னெண்டாவது படிக்குதுங்க. ஆஸ்டல்ல சேக்கச் சொன்னாங்க, நான் சேக்கலைங்க. தெனமும் ரெண்டு பஸ்ஸு மாறிப் போயிட்டு வருது" என்றாள். பிறகு குனிந்து களை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு படகுக்கு அடியில் படுத்து, நீ வைத்திருந்த அதே உப்புக்காகிதத்தால் அந்த நீலத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஆனது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. பெயிண்ட் போனது, அதற்கு அடியில் நீ அடைத்திருந்த பட்டி மாவு போனது. அப்புறம் வெடிப்பு தெரிந்தது. அதிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் சொட்டியது, புளித்த வாடை. கீழே ஒரு தட்டு வைத்தேன். காலையில் தட்டு நிறைந்திருக்கிறது, கொட்டிவிட்டு மறுபடியும் வைக்கிறேன். மாதம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "அய்யோ, இதுலயாங்க பாப்பாவ ஏத்தறதுக்கு இருந்தாங்க?" என்றாள். கழுவித் தரச் சொன்னாய். இப்போதுதான் கழுவி முடித்திருக்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நீ வேலையை விடுவதற்கு மெர்சி சரி என்றாள், இந்தப் படகுக்கும் சரி என்றாள். வெடிப்பு இருப்பது தெரிந்து சரி என்றிருந்தால் அது வேறு. அவளிடம் நீ சொல். உன் அப்பா தன் நெஞ்சுவலியை என்னிடம் ஒரு வருஷம் மறைத்தார், நான் பயப்படுவேன் என்று. அந்த ஒரு வருஷத்துக்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கல்லறைக்குப் பூ வைக்கப் போகும்போதுகூட இருக்கிறது. பாப்பாவுக்கு நாலு வயசில் கடல் பார்க்காவிட்டால் ஐந்து வயசில் பார்ப்பாள். கேக்கை இங்கே களத்தில் வைத்து வெட்டலாம். மூன்று மாதமோ ஆறு மாதமோ, படகு இங்கேயே நிற்கட்டும், இடம் இருக்கிறது. அந்தக் கட்டையை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க என்ன வேண்டுமோ அதை இந்த வாசலிலேயே செய்யுங்கள்.

இவ்வளவு எழுதின பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துக் கோபப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து, மறுபடியும் பட்டி மாவை அடைத்துப் பூசி, விடிகாலையில் படகை இழுத்துக்கொண்டு போய்விடுவாய் என்று நினைக்கிறேன். முதல் தடவையாக உன்னைச் சந்தேகப்படுகிறேன். உன் முப்பத்து மூன்று வயசுக்குள் எப்போதாவது செய்திருக்க வேண்டியது. அதனால் இண்டூர் பஞ்சர் கடைக்காரரைக் கூட்டிவந்து டிரெய்லரைக் கல் மேல் நிறுத்தி, சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டேன். பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டியாகிவிட்டது. மாற்றுச் சாவி இல்லை, பூட்டு புதிது. என்னிடம் கெஞ்சினால் நான் இளகிவிடுவேன் என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லாததால், சாவியை ரெக்ஸனுக்கு அனுப்பிவிட்டேன். கிடைத்துவிட்டது என்று நேற்று போன் செய்தான். "அருள் கூப்பிட்டா எடுத்துட்டு வாறேன்மா. அவனா கூப்பிடணும்" என்றான்.

அவனைக் கூப்பிடு.

அம்மா